ஓபரா பாட ஆசைப்படுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பாடுகிறவள் அல்ல. பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறவள். முழுக்கப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்தான் ஓபரா, அந்த உலகில் இந்த வேலைக்கு ரெபெடிட்டர் என்று பெயர். பாத்திரத்தைக் கற்க உதவுவது, ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக வாசிப்பது, தேர்வு அறையில் வாசிப்பது எல்லாம் இதில் அடக்கம். இருபதிலிருந்து முப்பத்தைந்து வயது வரையுள்ள பாடகர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்? பதினெட்டு ஆகிவிட்டது, காலம் கடந்துவிட்டதா?

இல்லை. வயலினை ஐந்து வயதில் கையில் கொடுக்கலாம். குரலுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் கருவியே இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. பருவ வயதில் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். அது ஓரளவு அடங்கிய பிறகு, பதினாறு பதினெட்டு வயதில் முறையான குரல் பாடம் தொடங்குவது வழக்கம். அதற்கு முன்னால் சேர்ந்திசைக் குழுவில் பாடலாம், பியானோ பழகலாம், இசைக்குறிப்பைச் சரளமாகப் படிக்கக் கற்கலாம். பியானோ கொஞ்சம் தட்டத் தெரிந்த பாடகர் ஒரு பாத்திரத்தைப் பாதி நேரத்தில் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார். இதை நான் தினமும் பார்க்கிறேன்.

உலகப் புகழ் பெற்ற இத்தாலியப் பாடகர் பவரொட்டி ரொட்டி சுடுபவரின் மகன். ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தினார், காப்பீடு விற்றார், கூடவே பாட்டும் கற்றார். போட்டி ஒன்றில் வென்று 1961 ஏப்ரலில் ரெஜ்ஜோ எமிலியா நகரில் முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 25. ஆங்கிலேயப் பாடகி கேத்லீன் ஃபெரியர் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். முதல் ஓபராவில் பாடியது 1946இல், 34 வயதில். கனத்த குரல்கள், குறிப்பாக பாஸ் என்ற மிகத் தாழ்ந்த ஆண் குரல்களும், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களைப் பாடும் குரல்களும், முப்பதைத் தாண்டித்தான் முற்றும்.

மைக் இல்லாமல் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி எப்படிக் கேட்கிறது? கத்துகிறார்களா?

கத்தினால் கேட்காது. விஷயம் சத்தத்தின் அளவில் இல்லை, அந்தச் சத்தம் எந்த அதிர்வெண்ணில் திரள்கிறது என்பதில் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஆற்றல் சுமார் 500 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சத்தில் இருக்கும். மேலே போகப் போகச் சரியும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஒரு மேடு எழும்பும். ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் நழுவி வெளியே வருகிறது. மனிதக் காதும் அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்து விளக்கினார். குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள சிறு குழாய் குறுகியும் அதற்கு மேலுள்ள தொண்டை அகன்றும் இருந்தால் அந்த மேடு உண்டாகிறது. குரல்வளை மேலேறாமல் பாடச் சொல்லி ஆசிரியர்கள் உயிரை எடுப்பது இதற்காகத்தான்.

பெண் குரல்களில் மிக உயர்ந்தது சோப்ரானோ, உச்ச ஸ்தாயியில் பாடும்போது அவர்களின் வழி வேறு. தாடையை இறக்கி, வாயின் ஒத்ததிர்வைப் பாடும் சுருதிக்கே கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள். சத்தம் பெருகும், உயிரெழுத்துகள் கரைந்துபோகும். அந்த உயரத்தில் சொல் புரியவில்லை என்று பாடகியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சின்ன அறையில் காதைக் கிழிக்கும் குரல் பெரிய அரங்கில் பத்தாவது வரிசையோடு நின்றுவிடும். அறையில் "இவ்வளவுதானா" என்று தோன்றிய குரல் கடைசி மாடம் வரை போய்ச் சேரும். ஒலிப்பதிவைக் கேட்டு உங்கள் குரலை எடைபோடாதீர்கள்.

பாட வகுப்பில் அப்படி என்னதான் செய்வார்கள்?

வெளியாள் பார்த்தால் சிரிப்பு வரும். உதடுகளைப் படபடவென அதிரவிட்டு ஏறி இறங்குவார்கள். ஒரு மெல்லிய குழலை வாயில் வைத்து அதன் வழியாக ஊதியபடியே முனகுவார்கள். வாயை இப்படிப் பாதி மூடும்போது அழுத்தம் பின்னோக்கித் திரும்பி, குரல்நாண்கள் மோதாமல் மெதுவாகச் சேர உதவுகிறது. பிறகு உயிரெழுத்துப் பயிற்சி, இத்தாலிய இசையமைப்பாளர் வக்காய் 1830களில் எழுதிய குட்டிப் பயிற்சிப் பாடல்கள், அதன் பிறகு ஒரு பழைய இத்தாலியப் பாட்டு.

"காரோ மியோ பென்" என்ற பாட்டின் முதல் வரியை மட்டும் நாற்பது நிமிடம் பாடிய ஒரு மாணவிக்கு வாசித்திருக்கிறேன். மூச்சு எடுக்கும்போது தோள் கால் அங்குலம் உயர்ந்தது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அவள் தோளில் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. விலா எலும்புகள் விரிந்த நிலையிலேயே நின்று, மூச்சு சீராக வெளியேற வேண்டும். இத்தாலியர்கள் இதை அப்போஜ்ஜோ என்பார்கள், சாய்ந்து நிற்பது என்று பொருள். கடைசியில் காகிதம் விழவில்லை. அந்த வரி எனக்கே புதிதாகக் கேட்டது.

சோப்ரானோவா, அதற்கு அடுத்த தாழ்ந்த பெண் குரலான மெஸ்ஸோவா என்று யார் முடிவு செய்வது?

எவ்வளவு மேலே போகிறது என்பது மட்டும் போதாது. எந்தப் பகுதியில் குரல் களைக்காமல் குடியிருக்கிறது, நிறம் எப்படி, கனம் எவ்வளவு, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு எந்தச் சுருதியில் மாறுகிறது, இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். ஜெர்மன் அரங்குகள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஃபாஹ் என்ற பெட்டிகளில் போடும். மென்மையான லிரிக் சோப்ரானோ ஒரு பெட்டி, வேகமான அலங்காரச் சுரங்கள் பாடும் கொலராதுரா இன்னொன்று, கனத்த டிராமாட்டிக் வேறொன்று. இருபது வயதில் பெட்டி மாறினால் கவலை வேண்டாம். இத்தாலியப் பாடகர் கார்லோ பெர்கொன்ஸி 1948இல் ஆண்களின் நடுக்குரலான பாரிடோனாக மேடையேறி, 1951இல் உயர்ந்த ஆண் குரலான டெனராக மறுபடி அறிமுகமானவர்.

எனக்குப் பெரிய பாட்டு பாட வருகிறது. ஆசிரியர் ஏன் விடமாட்டேன் என்கிறார்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம்.

ஒரு பாட்டை ஒரு தடவை பாட முடிவது ஒன்று. அதைச் சுற்றியுள்ள பாத்திரத்தை மூன்று மணி நேரம், அடர்த்தியான ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே, இரண்டு நாளுக்கு ஒரு முறை பாடுவது முற்றிலும் வேறு. இத்தாலிய இசையமைப்பாளர்களான புச்சினியின் துரந்தோ, வெர்டியின் லேடி மக்பெத் போன்ற பாத்திரங்களின் சுரங்கள் இளம் குரலுக்கும் எட்டும். சிக்கல் அங்கேதான். எட்டுகிறது என்பதால் எட்டிப் பிடிக்கிறார்கள். கனம் போதாமல் தொண்டையை இறுக்கி ஈடுகட்டுகிறார்கள். அந்த இறுக்கம் தசையில் பழக்கமாகப் படிந்துவிடும். பிறகு அதைக் கழற்றி எடுக்க வருடங்கள் ஆகும்.

ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பதின்வயதிலேயே ஸ்டாக்ஹோமில் ஓய்வில்லாமல் பாடியவர். 1841இல், இருபது வயதில், குரல் தேய்ந்த நிலையில் பாரிஸில் பாட்டு ஆசிரியர் மனுவெல் கார்சியாவிடம் போய் நின்றார். கார்சியா உடனே பாடம் தொடங்கவில்லை. முதலில் குரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வா என்றார். ஓய்வுக்குப் பிறகே பாடம், அதற்குப் பிறகே ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்தப் புகழ். பிற்பாடு சிறு கண்ணாடிகளைக் கொண்டு, பாடும்போது தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்து 1855இல் அறிவித்தவரும் அதே கார்சியாதான்.

அப்படியானால் இளம் குரல் எதைப் பாடுவது? மொஸார்ட்டின் "ஃபிகாரோவின் திருமணம்" என்ற ஓபராவில் பார்பரினா என்றொரு தோட்டக்காரர் மகள் வருவாள். கடைசி அங்கத்தின் தொடக்கத்தில் இருட்டில் தரையைத் தடவியபடி ஒரு குண்டூசியைத் தேடுவாள். தொலைத்துவிட்டேன், எசமான் என்ன சொல்வாரோ என்று ஒரு பாட்டு. இரண்டு நிமிடம்கூட வராது. ஆர்கெஸ்ட்ராவில் ஊதுகருவி எதுவும் கிடையாது, தந்தி வாத்தியங்கள் மட்டும். குரலுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதே சமயம் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. 1786இல் அந்தப் பாத்திரத்தை முதலில் பாடிய அன்னா காட்லீபுக்கு வயது பன்னிரண்டு. 1998இல் டேனியல் டி நீஸ் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் அறிமுகமானதும் அதே பாத்திரத்தில்தான், வயது 19. ஐந்து வருடம் கழித்து அதே ஓபராவில் மணப்பெண் சூசன்னாவாக வரலாம், அப்புறம் அவளுடைய எசமானியான சீமாட்டியாக வரலாம். ஒரே படைப்புக்குள் ஒரு குரலின் வளர்ச்சிக்கே ஏணி இருக்கிறது.

மொஸார்ட் எளிது என்று சொல்லவில்லை. அவர் இசையில் தப்பு செய்தால் குரல் கெடாது, மானம்தான் போகும்.

மொழி தெரியாமல் உச்சரிப்பை மட்டும் மனப்பாடம் செய்து பாடலாமா?

முதல் வருடம் அப்படித்தான் ஓடும். அதற்கு மேல் ஓடாது. இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் கட்டாயம். ரஷ்யனும் செக்கும் தேவைப்படும்போது. என்ன பாடுகிறோம் என்று தெரியாத பாடகரின் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. இத்தாலியனில் "ஃபாதோ" என்றால் விதி, "ஃபாத்தோ" என்றால் செய்தது. ஒற்றை, இரட்டை மெய்யெழுத்து வேறுபாட்டைப் பிடிக்க மற்றவர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள். பதி, பத்தி என்று வித்தியாசம் காட்டிப் பேசி வளர்ந்த நாக்குக்கு அது சர்வசாதாரணம். இத்தாலியத் "த"வும் நம்முடையதைப் போலப் பல்லைத் தொட்டே பிறக்கிறது. இடறுவது வேறு இடத்தில். "ப" ஒலியும் (p) அதன் கனத்த இணையும் (b) நமக்கு ஒரே எழுத்து, இத்தாலியனில் இரண்டு எழுத்து. சொல்லின் நடுவில் வரும் வல்லினத்தை நம்மையறியாமல் மெலித்துவிடுவோம். ஜெர்மனில் உதட்டைக் குவித்துக்கொண்டு "இ" சொல்லும் அந்த ஒலிக்குக் கண்ணாடி முன் நின்றே ஆக வேண்டும்.

எங்கே படிப்பது? எவ்வளவு செலவாகும்?

இளங்கலை நான்கு வருடம், முதுகலை இரண்டு வருடம் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கட்டணம் கடுமை, உதவித்தொகை இல்லாமல் நுழைவது கடினம். விதிவிலக்கும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928இலிருந்து கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதே ஊரில் உள்ள குரலிசை அகாடமியும் அப்படித்தான். இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017இலிருந்து அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

கல்லூரியின் பெயரை விட ஆசிரியர் முக்கியம். விண்ணப்பிக்கும் முன் அவரிடம் ஒரு சோதனைப் பாடம் கேட்டுப் பாருங்கள். பாடம் முடிந்து வெளியே வரும்போது தொண்டை கரகரத்தால், எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும் அவர் உங்களுக்கு ஆகாது.

படிப்பு முடிந்த மறுநாள் என்ன?

பெரிய அரங்குகள் நடத்தும் இளம் கலைஞர் திட்டங்கள்தான் வழக்கமான பாலம். மெட்ரோபாலிடன் ஓபராவின் லிண்டெமன் திட்டம் 1980இல் தொடங்கியது. ஹூஸ்டன், சிகாகோ, சூரிக், மியூனிக், பாரிஸ், லண்டன் எல்லாவற்றிலும் இதுபோல உண்டு. ஒன்றிரண்டு வருடம் மாத உதவித்தொகை, தினசரி பயிற்சி, பெரிய மேடையில் கடிதம் கொண்டுவரும் வேலைக்காரன் போன்ற வேடங்கள். நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரியை நட்சத்திரப் பாடகரின் பக்கத்தில் நின்று பாடுகிறீர்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், ஒத்திகையில் எங்கே குரலை மிச்சம் பிடிக்கிறார் என்று பார்க்கிறீர்கள். அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

இன்னொரு வழி ஜெர்மனி. பொதுப்பணத்தில் நடக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட ஓபரா அரங்குகள் அங்கே இருக்கின்றன. பலவற்றில் பாடகர்களை மாதச் சம்பளத்தில் நிரந்தரக் குழுவாக வைத்திருக்கிறார்கள். வாரத்தில் செவ்வாய்க்கிழமை மொஸார்ட், வியாழக்கிழமை ஓப்பெரெட்டா என்ற லேசான நகைச்சுவை ஓபரா, ஞாயிறு காலை குழந்தைகள் நிகழ்ச்சி. மூன்று வருடத்தில் பதினைந்து பாத்திரம் கைக்குள் வந்துவிடும். கூடவே சோர்வும் வரும். வேலையும் என்றைக்குமானது அல்ல. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அரங்கு அக்டோபர் 31க்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த மாதம் முழுக்கச் சிற்றுண்டிக் கூடத்தில் யாரும் உரக்கச் சிரிக்க மாட்டார்கள்.

ஆடிஷனில் என்ன நடக்கும்?

பத்து நிமிடம். ஐந்து பாட்டுகளின் பட்டியல் கொடுத்திருப்பீர்கள். முதல் பாட்டு உங்கள் விருப்பம், இரண்டாவதைக் குழு தேர்ந்தெடுக்கும். ஆகவே நன்றாக வரும் பாட்டை முதலில் வையுங்கள். ஐந்தாவது பாட்டை "சும்மா பட்டியலுக்காக" போடாதீர்கள், சத்தியமாக அதைத்தான் கேட்பார்கள். பாதியில் நிறுத்தி நன்றி சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தமல்ல. நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பியானோக்காரிக்காக ஒரு வேண்டுகோள். ஒருமுறை ஒரு டெனர் கொடுத்த நகலில் கடைசி வரியின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. என் இடது கைக்கு வாசிக்க ஒன்றுமே இல்லை. ஊகித்து வாசித்தேன், இரண்டு இடத்தில் தப்பு. அவர் குழம்பிப் போய் உச்ச சுரத்துக்கு முன் மூச்சை விட்டுவிட்டார். தாள்களைத் துளையிட்டுக் கோப்பில் கோத்து, இருபக்கமும் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். பாடாமல் தாண்டிப் போகும் பகுதிகளைப் பென்சிலால் குறியுங்கள். வேகத்தைச் சொடுக்குப் போட்டுக் காட்டாமல், முதல் வரியை மெதுவாக என்னிடம் பாடிக் காட்டுங்கள். அது போதும்.

போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டுமா?

கலந்துகொள்ளலாம், பரிசுக்காக மட்டும் வேண்டாம். கீழே உட்கார்ந்திருக்கும் நடுவர்களில் பாதிப்பேர் அரங்குகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள். 1989இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த போட்டியில் ரஷ்யப் பாடகர் ஹ்வரஸ்தோவ்ஸ்கிக்கு முதல் பரிசு, வேல்ஸ் பாடகர் பிரின் டெர்ஃபெலுக்குத் தனிப்பாடல் பரிசு. இரண்டு பாரிடோன்களும் அடுத்த கால் நூற்றாண்டு உலக மேடைகளில் இருந்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க மெஸ்ஸோ ஜாய்ஸ் டிடொனாடோ 1998 ஒபராலியா போட்டியில் பெற்றது இரண்டாம் இடம்தான்.

"கவர்" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, அது என்ன?

முக்கியப் பாடகர் நோயில் விழுந்தால் பாட வேண்டிய மாற்றாள். முழுப் பாத்திரத்தையும் கற்று, அரங்கிலிருந்து குறித்த தூரத்துக்குள், கைப்பேசியை அணைக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அழைப்பு வராது. வந்தால் வாழ்க்கை மாறலாம், மாறாமலும் போகலாம். ஸ்வீடன் சோப்ரானோ பிர்கிட் நில்சன் 1946இல் ஸ்டாக்ஹோமில் மூன்று நாள் அவகாசத்தில் இப்படித்தான் முதல் மேடை ஏறினார். ஒப்பந்த மாற்றாளாக இல்லாமலே அழைப்பு வருவதும் உண்டு. 2014 ஏப்ரலில் லாத்விய சோப்ரானோ கிறிஸ்டீன் ஒபலைஸ் நியூயார்க்கில் ஓர் இரவு புச்சினியின் "மடாமா பட்டர்ஃப்ளை" ஓபராவில் நாயகியாகப் பாடிவிட்டுப் போய்ப் படுத்தார். காலையில் தொலைபேசி. அன்று பிற்பகலே, திரையரங்குகளுக்கு நேரடி ஒளிபரப்பான நிகழ்ச்சியில், அதே புச்சினியின் "லா போஹேம்" ஓபராவில் மிமி வேடத்தில் நின்றார். இதை முயன்று பார்க்க வேண்டாம்.

வருமானம் எப்படி?

சுதந்திரமாக வேலை செய்பவருக்குப் பொதுவாக நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஐந்தாறு வார ஒத்திகைக்குத் தனியாகப் பணம் இருக்காது, அல்லது சொற்பமாக இருக்கும். தங்கும் செலவு பல இடங்களில் உங்களுடையது. ஏஜென்டுக்குப் பத்து சதவீதம் அளவில் போகும். முதல் காட்சியன்று சளி பிடித்தால் அந்த இரவுக்குக் காசு கிடையாது. அதனால் தொடக்க வருடங்களில் தேவாலயத்தில் பாடுவது, பாடம் சொல்லித்தருவது, இசையோடு சம்பந்தமே இல்லாத அலுவலக வேலை பார்ப்பது எல்லாம் சகஜம். நிலையான சம்பளம் வேண்டும் என்பவர்கள் ஓபரா சேர்ந்திசைக் குழுவுக்குப் போகிறார்கள். அதைத் தோல்வி என்று பேசுபவர்கள் அந்தக் குழுவின் தேர்வில் ஒரு முறை நின்று பார்க்கட்டும்.

குரல் கெட்டால்?

மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் குரல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற மினுக்கொளிக் கருவியால் குரல்நாண்களின் அதிர்வை அவர் கண்ணாலேயே பார்ப்பார். குரல் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துப் படம் எடுத்து வைப்பது நல்லது, பின்னால் ஒப்பிட உதவும். தொண்டையைச் செருமாதீர்கள், கிசுகிசுவென்றும் பேசாதீர்கள். ஆஸ்பிரின் ரத்தக் கசிவை எளிதாக்கும் என்பதால் பாடும் நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மெக்சிகோவில் பிறந்த டெனர் ரோலாண்டோ வில்லசோன் 2009இல் குரல்நாண் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மேடைக்குத் திரும்பினார். இதை முன்பெல்லாம் ஒளித்து வைத்தார்கள், இப்போது பேசுகிறார்கள். நல்ல மாற்றம்.

எங்கள் நிறத்தில் இருப்பவர்களுக்கு அங்கே இடம் தருவார்களா?

மெட்ரோபாலிடன் ஓபரா ஒரு கறுப்பினத் தனிப்பாடகரை மேடையேற்ற 1955 ஜனவரி 7 வரை ஆனது. அன்று பாடிய மரியன் ஆண்டர்சனுக்கு அப்போது 57 வயது, குரலின் சிறந்த வருடங்கள் போய்விட்டிருந்தன. அந்த அநீதியைப் பூசி மெழுக வேண்டியதில்லை. இன்று நிலைமை வேறு. இலங்கை வம்சாவளி அமெரிக்க டெனர் ஷான் பனிக்கர் சால்ஸ்பர்க் விழாவில் முதன்மைப் பாத்திரம் பாடியிருக்கிறார். 2018இல் லாஸ் ஏஞ்சலஸில் காந்தியாகச் சமஸ்கிருதத்தில் பாடினார். முன்பு சொன்ன டேனியல் டி நீஸின் குடும்ப வேரும் இலங்கையில்தான்.

பெற்றோர் ஒத்திகைக்கு வரலாமா?

கடைசி ஆடை ஒத்திகைக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள், பல அரங்குகள் விடும். மகள் முழுக்குரலில் பாடாமல் முணுமுணுத்தால் பதற வேண்டாம், மறுநாளுக்குக் குரலைச் சேமிக்கிறாள். பியானோ ஒத்திகை என்றால் எனக்கு இடதுபுறம் உட்காராதீர்கள். பக்கம் திருப்புகிறவர் எழுந்து எழுந்து உட்காருவார், கை இடிக்கும்.